பின்சுவரில் ஒரு வாசல்

அடுப்பு மறுபடியும் இடம் மாறியிருந்தது.

சண்முகவடிவு தேயிலைக் கூடையை முன்தாழ்வாரமான இஸ்தோப்பில் இறக்கினாள். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துக் கொடியில் போட்டாள். விரலிடுக்கில் ஒட்டிக்கொண்டிருந்த அட்டையைப் பிடுங்கி மழைக்குள் எறிந்தாள். காலையில் மலை ஏறியதிலிருந்து ஒரே நச்சு மழை. கம்பளியையும் தாண்டி முதுகு ஊறிப்போயிருந்தது. சூடாக ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டால் போதும் என்று உள்ளே காலை வைத்தவள் அப்படியே நின்றாள். அடுப்பு இருந்த மூலையில் தகரப்பெட்டி. தகரப்பெட்டி இருந்த மூலையில் மூன்று கல்லும், அதன்மேல் ஈரம் காயாத மண்பூச்சும். அந்த ஒற்றை அறைக் காம்பரா முழுக்கப் புகை.

"என்னாங்க இது?"

அழகுமுத்து கையிலிருந்த சேற்றை வாளித் தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தான். முகத்தில் பெரிய காரியம் முடித்த திருப்தி.

"தென்கிழக்கு. நெருப்பு அங்கதான் இருக்கணும்."

"போன கெழம தெக்குன்னீங்க."

"போன கெழம திசைகாட்டிய தப்பாப் பிடிச்சிட்டேன்."

"பொக போறதுக்கு அந்தப் பக்கம் ஓட்ட இல்லையேங்க. புள்ள எப்படிப் படிப்பா?"

"'இல்ல'ன்னு சொல்லாத வடிவு. எத்தன தடவ சொல்றது?"

அவள் ஈரத் தலையோடு நின்று கணவனைப் பார்த்தாள். ஏதாவது சொன்னால் இன்னும் அரை மணி நேரம் அவன் விளக்கம் சொல்வான். தேத்தண்ணி அதுவரை பிந்தும். குனிந்து ஊதத் தொடங்கினாள். ஈர விறகு கண்ணைக் கரித்தது.

அழகுமுத்து இப்படிப்பட்ட ஆள் இல்லை. பத்தொன்பது வருஷம் தோட்டத்து ஸ்டோரில் வேலை பார்த்தவன். தேயிலைத் தொழிற்சாலையை அந்தப் பக்கத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். றொசல்ல ஸ்டேசனுக்கு மேலே இரண்டு மைல் ஏறினால் வருகிற அந்தத் தோட்டத்தில் ஸ்டோர் ஆள் என்றால் ஒரு மதிப்பு. வெயில் மழை இல்லை, அட்டை இல்லை. சப்பாத்துப் போட்டுக்கொண்டு போய் சப்பாத்தோடு வரலாம். இரண்டாயிரத்தொன்றாம் ஆண்டு கடைசியில், கொழுந்தை லொறியில் ஏற்றிப் பக்கத்துத் தோட்டத்துக்கு அனுப்பப் போகிறோம், இங்கே ஸ்டோரை மூடப் போகிறோம் என்றார்கள். இருபத்தாறு பேரையும் மலைக்கு அனுப்பினார்கள். அழகுமுத்துவின் கையில் மண்வெட்டியைக் கொடுத்துக் கான் வெட்டச் சொன்னார் கணக்கப்பிள்ளை. தேயிலைச் செடிகளுக்கு நடுவே மழைத்தண்ணி ஓட வாய்க்கால் வெட்டுகிற வேலை. பதினெட்டு வயதுப் பையன்கள் அவனைவிட வேகமாக வெட்டினார்கள். முதல் மாதம் பாதி நாள் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், விழுந்தது. ஒருநாள் மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கிவைத்துவிட்டு வந்து படுத்தவன் மூன்று மாதம் எழுந்திருக்கவில்லை.

நோய் ஒன்றும் இல்லை என்றார் தோட்டத்து டிஸ்பென்சர். கோவிலில் மந்திரித்தார்கள். அவன் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தான். சண்முகவடிவு விடியற்காலையில் ரொட்டி சுட்டு, சம்பல் இடித்து, மகள் தனுஜாவைப் பள்ளிக்கூடம் அனுப்பி, அவன் தலைமாட்டில் தேத்தண்ணியை வைத்து மூடிவிட்டு, வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டுக்கு ஓடுவாள். சாயந்தரம் வந்து பார்த்தால் மூடியது மூடியபடி ஆறிக்கிடக்கும்.

அப்போதுதான் பழைய ஸ்டோர்க் கூட்டாளி ஒருத்தன் அவனை வற்புறுத்தி அற்றன் டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போனான். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. 'வெற்றி வாசல்' என்று பெயர். சீனக்காரர்கள் வீட்டை அமைக்கிற பெங்சுயி என்ற கலையையும், விழுந்தவன் எழுந்து நிற்கிற வழியையும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பார்களாம். போய்வந்த மறுநாள் அழகுமுத்து தானாக எழுந்து, முகம் மழித்து, வேலைக்குப் போனான். சண்முகவடிவு மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்தாள். அந்த வகுப்பு நடத்துகிற மனுசன் நன்றாயிருக்கட்டும் என்று வாய்விட்டுச் சொன்னாள்.

அவள் அப்படி வாழ்த்தியது அந்த ஒரு வாரம்தான்.

அடுத்த வாரம் வீட்டில் 'இல்லை' என்ற சொல்லுக்குத் தடை வந்தது.

"அரிசி இல்லைங்க."

"அரிசி வந்துக்கிட்டு இருக்குன்னு சொல்லு."

"எந்தப் பஸ்ஸுல வருது? சொல்லுங்க, போய்ப் பாத்துட்டு வர்றேன்."

தனுஜா புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள். அழகுமுத்து சிரிக்கவில்லை. ஒரு கொப்பியில் தன் இலட்சியங்களை எழுதி, தினமும் காலையில் இஸ்தோப்பில் நின்று கிழக்கே பார்த்துச் சத்தமாக வாசித்தான். பெரட்டுக்குப் போகிற பெண்கள் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். வாசலில் சின்னக் குழாய்களை நூலில் கட்டித் தொங்கவிட்டான். றொசல்லக் காற்றுக்கு அது விடிய விடியக் கிணுகிணுத்தது.

பிறகு வட்டக் கண்ணாடி வந்தது. அதை அவன் இஸ்தோப்புத் தூணில் பக்கத்துக் காம்பரா வாசலைப் பார்க்க மாட்டினான். அது வேலாயியின் வாசல். வேலாயி சண்முகவடிவோடு ஒரே மலையில் கொழுந்து பறிப்பவள். ஏழெட்டு வயது மூத்தவள். வாய் பெரிது, மனசும் பெரிது. அழகுமுத்து படுத்துக்கிடந்த மூன்று மாதமும் சோற்றுக் கிண்ணம் அவள் வீட்டிலிருந்து வந்திருக்கிறது.

"ஏம்ப்பா தம்பி, இது என்னாத்துக்கு?" என்று முதலில் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

அழகுமுத்து ஒளிக்காமல் சொன்னான். "வெளியில இருந்து வர்ற கெட்ட சக்திய அது திருப்பி அனுப்பும் அக்கா."

"எங்கிட்டுத் திருப்பி அனுப்பும்?"

வேலாயி கண்ணாடியைப் பார்த்தாள். அதில் அவளும் அவள் வாசலும் தெரிந்தன.

"ஓகோ! எங்க ஊட்டுல இருந்து கெட்டது வருது, அத நீ எங்களுக்கே அனுப்புற. நா குடுத்த சோத்துக் கிண்ணம் அந்தக் கண்ணாடியில தெரியலையா ஒனக்கு?"

"அப்பிடி இல்லக்கா..."

"இல்லன்னு சொல்லக் கூடாதாமே ஒங்க ஊட்டுல! எவன்டா ஒனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுக்குறது?"

"அவரு லைஃப் கோச் அக்கா."

"கோச்சியா? றொசல்ல ஸ்டேசன்ல நிக்குற ரயிலு ஒண்ணுதான் எனக்குத் தெரிஞ்ச கோச்சி. அதுவும் நேரத்துக்கு வர்றதில்ல. நீ அதுல ஏறி எங்கிட்டாவது போயிரு!"

அன்றைக்கு நின்றது பேச்சு. மலையில் பக்கத்துப் பக்கத்து நிரையில் பறிக்கும்போதும் வேலாயி சண்முகவடிவின் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. கண்ணாடியைக் கழற்றச் சொல்லிச் சண்முகவடிவு கெஞ்சினாள், திட்டினாள், ஒருநாள் தானே கழற்றி வைத்தாள். அவன் மறுபடி மாட்டினான்.

கடைசியில், அந்த மனிதரையே பார்த்து இரண்டில் ஒன்று கேட்டுவிடுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளும் கூடக் கிளம்பினாள்.

அற்றன் டவுனில் ஆணி, தகரம் விற்கிற கடைக்கு மேலே ஒரு மண்டபம். முப்பது பேர்வரை இருந்தார்கள். வேலை போனவர்கள், கடை நொடித்தவர்கள், பரீட்சையில் தோற்ற பிள்ளையைக் கூட்டிவந்த தகப்பன்மார். வகுப்பு நடத்திய ஜெயதீபனுக்கு நாற்பது வயது இருக்கும். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, தணிந்த குரல். யாழ்ப்பாணத்துப் பேச்சு. எல்லோரையும் பெயர் சொல்லி 'ஐயா' என்றும் 'அம்மா' என்றும் கூப்பிட்டார். சண்டைக்கு வந்தவளுக்கு அதுவே பாதிக் கோபத்தைக் குறைத்தது. அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"தோல்வி எண்டது ஒரு சுவர்," என்றார் ஜெயதீபன். "சுவரைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தால் அது சுவர்தான். அதில வாசலை வைக்க வேண்டியது நீங்கள். ஒவ்வொருத்தருக்கும் பிறந்த வருஷத்தால ஒரு வெற்றித் திசை இருக்கு. அந்தத் திசையில உங்கட வாசலை நீங்களே திறவுங்கோ. கேள்வி இருந்தால் கேளுங்கோ."

சண்முகவடிவு எழுந்தாள். அழகுமுத்து அவள் சேலையைப் பிடித்து இழுத்தான். அவள் தட்டிவிட்டாள்.

"சேர், எங்க லயத்துல வரிசையா ஆறு காம்பரா. ஆறுக்கும் வாசல் ஒரே பக்கம். வெள்ளக்காரன் கட்டுனது. அதுல ஒருத்தரு மகன் வாத்தியாரா இருக்காரு. ஒருத்தரு குடிச்சே செத்தாரு. வாசல் ஒண்ணா இருக்கயில அது எப்பிடிங்க?"

"அருமையான கேள்வி அம்மா! எல்லாரும் கை தட்டுங்கோ!"

எல்லோரும் தட்டினார்கள். தட்டி முடிந்ததும் பதில் வரும் என்று அவள் நின்றுகொண்டே இருந்தாள். வரவில்லை.

"நானும் விழுந்தவன்தான் அம்மா," என்றார் ஜெயதீபன். "தொண்ணூற்றைஞ்சுச் சண்டையில வீட்டை விட்டு உடுத்த உடுப்போட வந்தனான். பெரிய கல்வீடு. இண்டைக்கு உங்கட முன்னுக்கு நிக்கிறன்."

"அந்த வீட்டு வாசல் நல்ல திசையில இருந்துச்சுங்களா, கெட்ட திசையிலங்களா?"

அவள் குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஆனால் ஜெயதீபன் கையிலிருந்த சோக்கட்டியைப் பார்த்தார். கீழே கடையில் யாரோ தகரம் வெட்டுகிற சத்தம் கேட்டது.

"வடக்கு," என்றார். "அப்பா நாள் பார்த்து வைச்ச வாசல்." பிறகு சோக்கட்டியை மேசையில் வைத்துவிட்டு, "இப்ப நாங்கள் எல்லாரும் எழும்பி நிண்டு மூச்சு இழுப்பம்," என்றார்.

திரும்பி வரும் ரயிலில் அழகுமுத்து ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தான்.

"எல்லாருக்கும் முன்னால என்னய அசிங்கப்படுத்திட்ட."

"ஒரு கேள்வி கேட்டது அசிங்கமாங்க?"

"நா செத்த பொணமாக் கெடந்தேன் வடிவு. அந்த மனுசன்தான் என்னய 'அழகுமுத்து ஐயா'ன்னு கூப்புட்டாரு. ஏம் பொறப்புல என்னய யாரு ஐயான்னு கூப்புட்டது? கணக்கப்பிள்ள 'டேய்'ங்கிறான். அவன் என் மகன் வயசு."

அவளுக்குத் தொண்ணூறு நாள் தலைமாட்டில் வைத்த தேத்தண்ணி நினைவுக்கு வந்தது. அதைச் சொல்லிக் காட்ட அவளுக்கு வாய் வரவில்லை. அவன் முகம் அப்படி இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவன் அடையாள அட்டையை எடுத்துவைத்துக் கணக்குப் போட்டான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு, ஜனவரி முதலாம் திகதி.

"மேற்கு," என்றான். "என் வாசல் மேற்குல இருக்கணும்."

"இந்தா பாருங்க. ஜனவரி ஒண்ணு ஒங்க பொறந்த நாளே கெடையாது. ஒங்கம்மா ஆடி மாசம்னு சொல்லிருக்காங்க. அந்தக் காலத்துக் கிளாக்கரு தோட்டத்துல பாதிப் பேருக்கு ஜனவரி ஒண்ணுன்னு போட்டுட்டாரு. ஒங்களுக்கு ரெண்டு வயசு மூத்த ஒங்கக்காவுக்கும் அதே அம்பத்தெட்டுதான். நீங்க ரெண்டு பேரும் ரெட்டப் புள்ளைங்களா?"

"கவருமெண்டு குடுத்த அட்டையில உள்ளதுதான் என் நம்பரு."

"மேக்க என்னா இருக்குன்னு தெரியுமில்ல?"

இருவருக்கும் தெரியும். லயத்தின் பின்சுவருக்கு நாலடி தள்ளி, ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு செங்குத்தான மண்திட்டு. மலையை வெட்டித்தான் லயம் கட்டியிருந்தார்கள். திட்டுக்கு மேலே தேயிலை. இடையில் உள்ள நாலடிச் சந்தில் இலை அடைத்துக்கிடக்கும் பழைய கான்.

மறுநாளிலிருந்து அழகுமுத்து வேலை முடிந்து வந்ததும் சந்துக்குள் புகுந்தான். வாசல் வைத்தால் வெளியே நாலு பேர் நிற்க இடம் வேண்டும் என்று திட்டின் அடிமண்ணை வெட்டினான். வெட்டிய மண்ணைக் கானுக்குள்ளேயே தள்ளினான். மலையில் கான் வெட்டுவதற்கு முனகியவன் இங்கே வியர்வை வழிய, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தபடி வெட்டினான்.

"அடிய வெட்டுனா மேல உள்ளது நிக்குமாங்க? மழ காலம்."

"பயம்தான் மொத எதிரி."

"எனக்குப் பயம் சேத்துமேல."

"நீ எப்ப பாரு விழுறதப் பத்தியே பேசுற."

பேச்சை விட்டிருந்த வேலாயியும் பொறுக்க முடியாமல் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தாள். "வடிவு, ஒம் புருசங்கிட்டச் சொல்லு. அவன் வெட்டுறது ஆறு ஊட்டுக்கும் பின்னால உள்ள மண்ணு. அவன் ஊட்டு மண்ணு மட்டுமில்ல."

சண்முகவடிவு கணக்கப்பிள்ளையிடம் போய்ச் சொல்வதற்கு இரண்டு தடவை கிளம்பினாள். சொன்னால் விசாரணை வரும், வேலைக்கு ஆபத்து வரும், அவன் மறுபடி படுத்துவிடுவான். இரண்டு தடவையும் பாதி வழியில் திரும்பினாள். அதற்குப் பிறகு பல நாள் தன்னையே திட்டிக்கொண்டது அந்தத் திரும்பலுக்காகத்தான்.

ஜூன் மாதத்தில் மூன்று நாள் விடாமல் மழை கொட்டியது. நாலாம் நாள் சனிக்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். பெண்கள் மேல்மலையில் பறித்துக்கொண்டிருந்தார்கள். லயத்துப் பக்கமிருந்து லொறி ஒன்று கல் கொட்டுவது போல ஒரு சத்தம் வந்தது. பிறகு கூச்சல். சண்முகவடிவு கூடையோடு ஓடினாள். கூடை எங்கே விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது. சரிவில் இரண்டு இடத்தில் வழுக்கி உட்கார்ந்தபடியே இறங்கினாள். டிசம்பரில் பரீட்சை. தனுஜா அன்றைக்கு வீட்டில் பின்சுவரோரம் கட்டிலில் உட்கார்ந்துதான் படித்துக்கொண்டிருப்பாள்.

பின்சுவர் இல்லை. கட்டில் இருந்த இடத்தில் கூரை உயரத்துக்குச் சிவப்பு மண். அதிலிருந்து ஒரு தேயிலைச் செடி வேரோடு, பச்சைக் கொழுந்தோடு நீட்டிக்கொண்டிருந்தது.

"புள்ள! ஏம் புள்ள!"

கையால் மண்ணைப் பறித்தாள். யாரோ பின்னாலிருந்து அவளை இறுக்கிப் பிடித்தார்கள். திமிறினாள்.

"அம்மா! அம்மா, நா இங்க இருக்கேன்!"

தனுஜாதான். உலை வைத்த அடுப்பின் புகையில் இருமல் தாங்காமல் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு முன்பக்கத்து இஸ்தோப்புக்கு வந்து உட்கார்ந்திருக்கிறாள். சண்முகவடிவு மகளின் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டாள். பிறகு அவளைக் கட்டிக்கொண்டு சேற்றிலேயே உட்கார்ந்தாள்.

வேலாயியின் சமையல் மூலையும் சரிந்திருந்தது. அவள் வளர்த்த இரண்டு கோழி மண்ணுக்குள் போய்விட்டது. மற்ற நாலு காம்பராவுக்குச் சுவரில் வெடிப்பு. அழகுமுத்து மலையிலிருந்து ஓடிவந்து, கூட்டத்துக்கு வெளியே மழையில் நின்றான். யாரும் அவனை அடிக்கவில்லை. அடித்திருந்தால் அவனுக்கு நன்றாயிருந்திருக்கும்.

இரண்டு குடும்பத்தையும் பிள்ளைக் காம்பராவில் தங்கவைத்தார்கள். பகலில் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற இடம் அது. நடுவில் ஒரு சேலையைத் தொங்கவிட்டு இந்தப் பக்கம் இவர்கள், அந்தப் பக்கம் வேலாயி. அடுத்த வெள்ளிக்கிழமை தோட்டத்துத் தொரை வந்து பார்த்தார். அழகுமுத்தை ஒரு மாதம் வேலையிலிருந்து நிறுத்திவைத்தார். சுவரைத் தோட்டம் கட்டிக்கொடுக்கும், ஆனால் அதற்கு முன்னால் லயத்துக்குப் பின்னால் உள்ள மண்ணை அள்ளிக் கானை இவர்களே திறந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கே அழகுமுத்து பாயில் சுவரைப் பார்த்துப் படுத்தான்.

முதல் நாள் சண்முகவடிவு அவனை அவன் பாட்டில் விட்டாள். இரண்டாம் நாள் தேத்தண்ணி கொண்டுபோய்த் தலைமாட்டில் வைத்தாள். சாயந்தரம் அது மூடியபடி ஆறிக்கிடந்தது. இன்னொரு மூன்று மாதமா? அந்த மூன்று மாதத்துக்கு அந்தக் குழாய்ச் சத்தமும் கண்ணாடியும் அரிசி வந்துகொண்டிருக்கிற பஸ்ஸும் எவ்வளவோ மேல் என்று நினைத்தாள். நினைத்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"எந்திரிங்க."

அவன் போர்வையை இழுத்துக்கொண்டான்.

"ஒங்களத்தாங்க. புள்ள தப்பிச்சிட்டா. பொழச்சுக் கெடக்கிற புள்ளைக்கு அப்பன் வேணாமா?"

"என்னால ஆவாது வடிவு. நா தொட்டதெல்லாம் விழுது."

"நீங்க தொட்டதால ஒண்ணும் விழல. அடிமண்ண வெட்டுனீங்க, கான மூடுனீங்க, மழ பேஞ்சுச்சு, விழுந்துச்சு. வேற யாரு வெட்டிருந்தாலும் விழுந்திருக்கும். இதுக்கு ஒரு சக்தியும் வேணாம்."

சேலைக்கு அந்தப் பக்கம் வேலாயி இருமினாள்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மழை தூறலாய் இருந்தது. சண்முகவடிவு அவனை எழுப்பவில்லை. தேத்தண்ணியும் வைக்கவில்லை. சேலையை இடுப்பில் இழுத்துச் செருகி, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் பின்னால் போனாள். கொழுந்து பறிக்கிற கைக்கு மண்வெட்டி பழக்கமில்லை. ஒவ்வொரு வெட்டுக்கும் சேறு பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. தனுஜா கூடையில் அள்ளிக் கொண்டுபோய்க் கொட்டினாள். பத்து மணிக்குள் உள்ளங்கையில் இரண்டு கொப்புளம். சண்முகவடிவு நிறுத்தவில்லை. வெட்டினாள், வைதாள், வெட்டினாள். யாரை வைகிறாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. மண்ணை, மழையை, அற்றனை, வெள்ளைக்காரனை, கிளாக்கரை.

பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. திரும்பவில்லை.

"கான அப்பிடி நேரா எறக்காத," என்றான் அழகுமுத்து. குரல் உடைந்து, கரகரவென்று வந்தது. "நேரா எறக்குனா தண்ணி வந்து சொவத்துலயே அடிக்கும். கொஞ்சம் கொஞ்சமாச் சாய்ச்சு, ஓரத்துப் பக்கம் கொண்டு போவணும். மலையில அப்பிடித்தான் வெட்டுறது."

"எவ்வளவு சாய்க்கணும்?"

அவன் குனிந்து, கையில் கொஞ்சம் தண்ணீரை அள்ளி விட்டு அது ஓடுகிற பக்கத்தைப் பார்த்தான். காலால் ஒரு கோடு இழுத்தான்.

"இப்பிடி. மம்பட்டியக் குடு."

சண்முகவடிவு மண்வெட்டிப் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். அவன் தாடி வளர்ந்து, கண் உள்ளே போய், மழையில் நனைந்த சட்டையோடு கையை நீட்டிக்கொண்டு நின்றான்.

"எங்கிட்ட ஒண்ணுதான் இருக்கு," என்றாள். "வேலாயியக்காகிட்ட ஒண்ணு இருக்கும். போய்க் கேட்டு வாங்கிட்டு வாங்க."

நீட்டிய கையை இறக்கினான். அவன் தனுஜாவைப் பார்த்தான். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள். அழகுமுத்து தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடந்தான்.

சண்முகவடிவு குனிந்து, அவன் காலால் இழுத்த கோட்டில் வெட்டத் தொடங்கினாள். பிள்ளைக் காம்பராப் பக்கமிருந்து வேலாயியின் சத்தம் எழுந்தது. கோழியில் தொடங்கிக் கோச்சிவரைக்கும், சோத்துக் கிண்ணத்திலிருந்து அவன் பாட்டன் காலம்வரைக்கும் போனது. லயம் முழுக்கக் கேட்டது. வெகுநேரம் ஓயவில்லை. நடுவில் அவன் குரல் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

பிறகு, வசவு நிற்காமலே, சீமெந்துத் தரையில் இரும்பு 'ணங்'கென்று விழுகிற சத்தம் கேட்டது.

"தூக்கிக்கிட்டுப் போ! பிடி ஆடுது, பாத்து வெட்டு. ஒடச்சுக் கொண்டாந்தேன்னு வையி..."